முப்பது பேரும் ஒரு ஆய்வேடும்

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எண்ணங்களையும் செயல்களையும் மாற்றி மனநிலையைச் சீராக்கப் பார்க்கிற, சிபிடி என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்கிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் முதுகலை ஆய்வேடு எழுதுகிறவர்களின் கடிதங்கள் அவை. 22 வருடமாக இந்தச் சிகிச்சையைத் தருகிறேன். அதில் 16 வருடம் ஆய்வேடுகளுக்கு நெறியாளராகவும் இருந்து வருகிறேன். அந்த அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

கேள்வி: முதுகலை உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘மனச்சோர்வைக் குறைப்பதில் சிபிடியின் திறன்’ என்பது தலைப்பு. 15 பேருக்கு எட்டு வாரம் சிகிச்சை, 15 பேர் சிகிச்சை பெறாமல் ஒப்பீட்டுக்காக இருக்கிற கட்டுப்பாட்டுக் குழு. கைடு சரி என்றுவிட்டார். கையில் ஒன்பது மாதம் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது, மேடம்?
— முதுகலை மாணவி

பதில்: தலைப்பிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும் அம்மா. அதை மாற்றச் சொல்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள். இப்போது மாற்றினால் ஒரு வாரம்தான் போகும். ஆறு மாதம் கழித்து மாற்ற முடியாது.

நீங்கள் கேட்கிற கேள்விக்கு 1977-லேயே முதல் பெரிய பதில் வந்துவிட்டது. ஆரன் பெக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் மனச்சோர்வு உள்ள 41 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அறிவாற்றல் சிகிச்சையும் இன்னொரு பகுதிக்கு இமிப்ரமின் என்ற மருந்தும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். அதற்கப்புறம் இந்த ஒரு கேள்வியை வைத்தே நூற்றுக்கணக்கான சோதனைகள் நடந்துவிட்டன. சிபிடி மனச்சோர்வுக்கு உதவும் என்று இன்னொரு ஆளாக நீங்கள் வந்து சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. உங்கள் உழைப்பு வேறு எங்காவது பயன்பட வேண்டும்.

இன்னொரு சிக்கல் எண்ணிக்கை. இரண்டு குழுக்களுக்கு நடுவே நிஜமாகவே நடுத்தர அளவு வித்தியாசம் இருப்பதாக வையுங்கள், அதாவது வித்தியாசத்தின் அளவைச் சொல்கிற கோகன் டி என்ற எண் 0.5. வழக்கமான 0.05 வரம்பில் அதை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க, ஒவ்வொரு குழுவிலும் 64 பேர் வேண்டும். பெரிய வித்தியாசம், 0.8, என்றால்கூடக் குழுவுக்கு 26. பதினைந்து பதினைந்து பேரை வைத்துக்கொண்டு நடுத்தர வித்தியாசத்தைத் தேடினால் கண்ணில் படுவதற்கு நாலில் ஒரு வாய்ப்புதான். இதுவும் 30 பேரும் கடைசி வரை வந்தால். மனச்சோர்வில் இருப்பவர்கள் வராமல் போவதுதான் இயல்பு. படுக்கையை விட்டு எழுவதே பாரமாக இருக்கிறவரிடம் எட்டு வாரம் தவறாமல் வரச் சொல்கிறோம்.

என் சொந்தக் கதையைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகப் புரியும். என் ஆய்வேட்டிலும் கிட்டத்தட்ட உங்கள் தலைப்புதான். கட்டுப்பாட்டுக் குழுகூட இல்லை. 24 பேரில் ஆரம்பித்து 15 பேரில் முடிந்தது. 15 பேரின் மதிப்பெண்ணும் நன்றாகக் குறைந்திருந்தது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் வரைபடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இவர்கள் மிக மோசமாக இருந்த வாரத்தில்தானே உங்களிடம் வந்தார்கள்? நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் எட்டு வாரத்தில் இதில் பாதி குறைந்திருக்காதா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உச்சத்தில் அளந்த எதுவும் அடுத்த முறை அளக்கும்போது பெரும்பாலும் சராசரியை நோக்கி இறங்கியே நிற்கும். அதோடு, மனச்சோர்வு பலருக்குத் தானாகவும் தணியும். வராமல் போன ஒன்பது பேரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர்களில் யாராவது மோசமாகிப் போனதால் வராமல் இருந்தார்களா என்று ஒரு போன் போட்டுக்கூட நான் கேட்டதில்லை. பட்டம் கிடைத்தது. அந்த ஒன்பது பேர் இன்றைக்கும் என் மனதை விட்டுப் போகவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கேள்வியைச் சின்னதாக்குங்கள். சிபிடி என்பது ஒரே மாத்திரை கிடையாது. மனதில் ஓடுவதை எழுதி வைக்கிற எண்ணப் பதிவு, செயல் திட்டம், பயப்படுவதைச் செய்து பார்க்கிற நடத்தைப் பரிசோதனை, வீட்டுப் பயிற்சி என்று பல பாகங்கள் சேர்ந்தது. எந்தப் பாகம் என்ன செய்கிறது என்பதில் இன்னும் தெரியாதது ஏராளம். 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழு இதைத்தான் பிரித்துப் பார்த்தது. மனச்சோர்வு உள்ள 150 பேரில் சிலருக்கு முழுச் சிகிச்சை. சிலருக்கு நாளைத் திட்டமிட்டுச் செயல்களைக் கூட்டுகிற பாகம் மட்டும். சிலருக்கு அதோடு மனதில் தானாக எழுகிற எண்ணங்களைச் சோதிக்கிற பாகம். செயல் பாகம் மட்டும் பெற்றவர்களும் முழுச் சிகிச்சை பெற்றவர்கள் அளவுக்கே தேறினார்கள். எண்ணங்களை மாற்றினால்தான் மனநிலை மாறும் என்று நம்பியிருந்த துறையை அந்த ஒரு ஆய்வு அசைத்துவிட்டது.

உங்கள் அளவுக்கு ஏற்ற ஒரு வடிவம் சொல்கிறேன். கூட்டத்தில் பேசப் பதற்றப்படுகிறவர்களைப் பற்றி டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995-இல் ஒரு விளக்கம் வைத்தார்கள். அப்படிப்பட்டவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற சின்னச் சின்ன வேலைகளே, அதாவது கண்ணைப் பார்க்காமல் இருப்பது, வார்த்தைகளை மனதில் ஒத்திகை பார்ப்பது, தன் குரலையே கவனித்துக்கொண்டிருப்பது எல்லாம், பதற்றத்தைப் பிடித்து வைக்கின்றன என்பது அவர்கள் சொன்னது. இதைச் சிகிச்சை அறையில் தினமும் சோதிக்கிறோம். ஒருவர் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஐந்து நிமிடம் இரண்டு முறை பேசுவார். ஒரு முறை அந்தக் காப்பு வேலைகளோடு, ஒரு முறை அவற்றை விட்டுவிட்டு, கவனத்தை எதிரில் இருப்பவர் மேல் வைத்து. ஒவ்வொரு முறையும் பதற்றத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண். பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுங்கள். ஒரே ஆளை அவரோடேயே ஒப்பிடுவதால் நடுத்தர வித்தியாசத்துக்கு 34 பேர் போதும். ஒருவருக்கு ஒரு மணி நேரம், ஒரே நாளில் முடிந்துவிடும். பாதியில் விட்டுப் போகிறவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள்.

சிகிச்சைதான் தர வேண்டும் என்று மனது சொன்னால், மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை நபர் ஆய்வு என்பார்கள். மூன்று பேரும் தினமும் இரவு அதே நேரத்தில் மனநிலைக்கு மதிப்பெண் இடுவார்கள். முதல் ஆளுக்கு ஒரு வாரம் கழித்துச் சிகிச்சை தொடங்கும், இரண்டாம் ஆளுக்கு இரண்டு வாரம் கழித்து, மூன்றாம் ஆளுக்கு மூன்று வாரம் கழித்து. யாருக்கு எது முதலில் என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். மூன்று வரைபடங்களிலும் கோடு சிகிச்சை தொடங்கிய இடத்தில்தான் இறங்குகிறது என்றால், ‘தானாகவே தேறியிருப்பார்கள்’ என்று சொல்வது கஷ்டம். என்னை அன்றைக்கு மடக்கிய கேள்விக்கு இந்த வடிவம் பதில் சொல்லியிருக்கும். மூன்று பேர் என்றால் சின்ன ஆய்வு என்று கைடு முகம் சுளிக்கலாம். நாள்தோறும் அளந்த 3 பேர், இரண்டே முறை அளந்த 30 பேரைவிட அதிகம் சொல்வார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்பது மாதத்தில் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மட்டும் இரண்டு மாதம் ஒதுக்கிவிடுங்கள். அனுமதி வருவதற்கு முன்னால் ஒருவரிடமும் வினாத்தாளை நீட்டக் கூடாது.

கேள்வி: நான் இன்னும் சிகிச்சையாளர் ஆகவில்லை. இரண்டு பயிற்சிப் பட்டறைக்குப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். என் ஆய்வில் சிகிச்சையை நானே தரலாமா?
— ஒரு மாணவர்

பதில்: தனியாகத் தரக் கூடாது தம்பி. பயிற்சி பெற்ற ஒருவர் வாராவாரம் உங்கள் பதிவுகளைக் கேட்டுத் திருத்துகிறார் என்றால் தரலாம். அந்த ஒருவர் இல்லை என்றால் திட்டத்தை மாற்றுங்கள்.

இதில் இரண்டு காரணம் கலந்திருக்கிறது. உங்கள் எதிரில் உட்காருகிறவர் ஆய்வுக்காக வந்தாலும் அவருடைய துன்பம் நிஜம் என்பது முதல் காரணம். அடுத்தது ஆய்வு சம்பந்தப்பட்டது. எட்டு அமர்வு முடிந்து பலன் இல்லை என்று வந்தால், சிபிடி பலிக்கவில்லையா, நீங்கள் தந்தது சிபிடியே இல்லையா என்று யாராலும் பிரிக்க முடியாது. அதற்காகத்தான் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, அதில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவரிடம் மதிப்பிடக் கொடுக்கிறோம். இதற்கென்று திருத்தப்பட்ட அறிவாற்றல் சிகிச்சை அளவுகோல் இருக்கிறது. நிகழ்ச்சி நிரல் வைத்தாரா, திருப்பிக் கேட்டுத் தெளிவு பெற்றாரா, வீட்டுப் பயிற்சியை இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்களா என்பது மாதிரி 12 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை. மொத்தம் 72. 36 எடுத்தால் போதிய திறமை என்று பல பயிற்சித் திட்டங்கள் ஏற்கின்றன. என் மாணவர்களில் பலருடைய முதல் பதிவு 36-ஐத் தொடுவதில்லை. முக்கியமாக ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: கேள்வி கேட்டு அந்த ஆளே கண்டுபிடிக்க விடாமல், “நீங்கள் நினைப்பது தவறு” என்று வாதாட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சிகிச்சை தராமலும் சிபிடியில் நல்ல ஆய்வேடு எழுதலாம். ஏற்கெனவே நடந்த சிகிச்சைகளின் பெயர் நீக்கிய பதிவுகளை அனுமதியோடு வாங்கி, யார் எத்தனையாவது அமர்வில் விடுகிறார்கள் என்று பார்க்கலாம். வீட்டுப் பயிற்சியைச் செய்யாதபோது சிகிச்சையாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அவர்களிடமே பேட்டி எடுக்கலாம். இரண்டுமே எனக்குப் படிக்க ஆசையாக இருக்கிற ஆய்வேடுகள்.

கேள்வி: ஆன்லைன் படிவத்தில் பிஹெச்க்யூ-9 வினாத்தாளைப் போட்டிருக்கிறேன். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. யாராவது அதில் ‘ஆம்’ என்று குறித்தால் என்ன செய்வது என்று நெறிமுறைக் குழு கேட்கிறது. அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டால் போதுமா?
— பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் கடிதத்துக்கான பதிலைத்தான் முதலில் எழுதி முடித்தேன். மற்றவற்றை எப்படிப் படித்தாலும் இதை மெதுவாகப் படியுங்கள்.

பிஹெச்க்யூ-9 என்பது மனச்சோர்வை அளக்க 2001-இல் வெளியான ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது. அதை எடுத்துவிட்டு எட்டு கேள்வியோடு பயன்படுத்துகிற வடிவமும் உண்டு, பெரிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அதற்கு நியாயம் இருக்கிறது. நீங்கள் மனச்சோர்வு உள்ளவர்களைத் தேடிப் போகிறீர்கள். கேள்வியை எடுத்துவிட்டால் எண்ணம் போய்விடாது, உங்களுக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவே. கேட்பதாலேயே அந்த எண்ணம் விதைக்கப்படும் என்ற பயம் பலருக்கு உண்டு. இதுவரை நடந்த ஆய்வுகள் அந்தப் பயத்தை ஆதரிக்கவில்லை. நேராகக் கேட்டால் பலருக்கு ஆறுதலாகவே இருக்கிறது.

பல வருடத்துக்கு முன் என் மாணவி ஒருத்தி, பெயர் கேட்காத ஆன்லைன் படிவத்தை ஒரு வெள்ளிக்கிழமை அனுப்பினாள். பதில்கள் நிறைய சேரட்டும் என்று 11 நாள் கழித்துத்தான் திறந்து பார்த்தாள். 63-ஆவது வரிசையில் இருந்தவர் ஒன்பதாவது கேள்விக்கு 3 போட்டிருந்தார். ‘கிட்டத்தட்ட தினமும்’ என்று அர்த்தம். இரவு 2 மணி 40 நிமிடத்துக்குப் பதிவாகியிருந்தது. பெயர் இல்லை, எண் இல்லை, மின்னஞ்சல் இல்லை. நானும் அவளும் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் செய்ய வழி இல்லை. அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அந்தப் படிவத்துக்குக் கையெழுத்துப் போட்டவள் நான். பொறுப்பு என்னுடையது.

அன்றிலிருந்து என்னிடம் வருகிற எந்த ஆய்வும் இப்படித்தான் போகிறது. ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர எதைக் குறித்தாலும் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகாமல், உடனே உதவி எண்களையும் ஆறுதலாக நாலு வரியையும் காட்டும். பெயரே கேட்காத படிவமாக இருந்தால், ‘இதை யாரும் உடனுக்குடன் பார்க்க மாட்டார்கள், உதவி வேண்டுமென்றால் இங்கே அழையுங்கள்’ என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவோம். சிகிச்சை தருகிற ஆய்வாக இருந்தால் போன் எண் கட்டாயம். ஒவ்வொரு நாளும் யார் எத்தனை மணிக்குப் பதில்களைத் திறந்து பார்க்கிறார் என்பது பெயரோடு எழுதியிருக்கும், சனி ஞாயிறுக்கும் சேர்த்து. 1, 2, 3 என்று குறித்தவரிடம் அன்றைக்கே பேசப்போகிற மருத்துவ அனுபவம் உள்ளவர் யார் என்பதும் எழுதியிருக்கும். மாணவர் தனியாக அந்த போனைப் போடக் கூடாது, பக்கத்தில் நெறியாளர் இருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில், ‘நீங்கள் சொல்வது எல்லாம் ரகசியம், உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் இன்னாரிடம் சொல்வோம்’ என்று எளிய வார்த்தையில் இருக்கும்.

உங்கள் நெறிமுறைக் குழு சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறது. இந்தப் பத்தியை அப்படியே கைடிடம் காட்டி, யார், எப்போது, எப்படி என்று மூன்றுக்கும் பெயரும் நேரமும் எழுதி வாங்குங்கள். அதுவரை படிவத்தின் இணைப்பை மூடி வையுங்கள்.

கேள்வி: ஆங்கில வினாத்தாளை நானே தமிழில் மொழிபெயர்த்துப் பயன்படுத்தலாமா? எண்ணப் பதிவுத் தாளையும் தமிழில் கொடுக்க வேண்டியிருக்கிறது.
— ஆய்வு மாணவி

பதில்: முதலில், ஏற்கெனவே சோதித்துப் பார்த்த தமிழ் வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றாதீர்கள். பிஹெச்க்யூ-9, பதற்றத்தை அளக்கிற ஜிஏடி-7 இரண்டையும் அனுமதி கேட்காமலே பயன்படுத்தலாம். பெக் மனச்சோர்வு அளவுகோல் விலைக்கு வாங்க வேண்டியது. நகல் எடுத்துக் கொடுப்பது தவறு.

நீங்களேதான் மொழிபெயர்க்க வேண்டும் என்றால், இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாம் ஆளிடம் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். அதோடு நின்றுவிடக் கூடாது. ஐந்தாறு பேரிடம் கொடுத்து, “இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பு உடைகிற இடம் அங்கேதான் தெரியும்.

எண்ணப் பதிவில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ‘எண்ணம்’, ‘உணர்வு’ என்று இரண்டு பத்தி போட்டுக் கொடுத்தால், நம் ஆட்கள் உணர்வுப் பத்தியில் ‘என்னால் முடியாது என்று தோணுது’ என்று எழுதிவிடுவார்கள். தமிழில் ‘தோணுது’ என்பது இரண்டுக்கும் பொது. அது எண்ணம்தான், உணர்வு இல்லை. நான் பத்தித் தலைப்பையே மாற்றிவிட்டேன்: ‘அந்த நேரத்தில் மனதுக்குள் ஓடிய வாக்கியம்’, ‘அப்போது இருந்தது பயமா, துக்கமா, கோபமா, வெட்கமா? 100-க்கு எவ்வளவு?’ இதற்கப்புறம் குழப்பம் பெருமளவு நின்றது. உங்கள் தாளை ஐந்து பேரிடம் ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள், இன்னும் நல்ல சொற்களை அவர்களே தருவார்கள்.

கேள்வி: 22 பேருக்குச் சிகிச்சை முடித்துவிட்டேன். 0.05-க்குக் கீழே இருக்க வேண்டிய பி மதிப்பு (முடிவு தற்செயலா என்று பார்க்க உதவுகிற எண்) 0.11 வந்திருக்கிறது. மதிப்பெண் கூடிப்போன இரண்டு பேரை ‘விலகிய மதிப்புகள்’ என்று நீக்கினால் 0.04 ஆகிறது. கைடும் அதையே சொல்கிறார். ராத்திரி தூக்கம் வரவில்லை.
— இறுதி ஆண்டு மாணவர்

பதில்: தூக்கம் வராதது உங்கள் மனசாட்சி நன்றாக இருப்பதற்கு அடையாளம். அந்த இரண்டு பேரும் தப்பாக நிரப்பவில்லை, எண்களைத் தட்டச்சுவதில் பிழை இல்லை என்றால் அவர்களை நீக்க உங்களுக்கு உரிமை கிடையாது. சிகிச்சையில் மோசமாகிப் போன இருவர்தான் உங்கள் ஆய்வின் மிக முக்கியமான இருவர்.

ஆரன் பெக்கைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 1921-இல் பிறந்து நூறு வயது வாழ்ந்து 2021-இல் மறைந்தவர். சிபிடியின் வேர் அவரிடம் இருக்கிறது. ஆரம்பத்தில் அவர் உளப்பகுப்பாய்வு மரபில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்று அந்த மரபு சொன்னது. அதை நிரூபிக்கத்தான் நோயாளிகளின் கனவுகளைச் சேகரித்து ஆராய்ந்தார். கோபத்தைத் தேடிய இடத்தில் தோல்வியும் இழப்பும் ஏமாற்றமுமே கிடைத்தன. கோபம் இல்லாத கனவுகளை அவர் நீக்கியிருந்தால் இன்றைக்கு நீங்கள் ஆய்வு செய்ய இந்தச் சிகிச்சையே இருந்திருக்காது. அவருடைய எதிர்பார்ப்பைத் தரவு மறுத்ததால் பிறந்த சிகிச்சை இது.

இப்போது செய்ய வேண்டியது: 22 பேரையும் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்றவர்கள் இருந்தால் அவர்களையும் சேர்த்து ஒரு கணக்கு போடுங்கள். பி மதிப்பைச் சொல்லிவிட்டு, விளைவின் அளவையும் அதன் நம்பக இடைவெளியையும் (உண்மையான அளவு இருக்கக்கூடிய எல்லைகளை) எழுதுங்கள். 0.11 என்பதற்கு ‘பலன் இல்லை’ என்று அர்த்தம் இல்லை, இத்தனை பேரை வைத்துத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

அப்புறம் ஒவ்வொரு ஆளாகப் பாருங்கள். அளவீட்டுப் பிழையைத் தாண்டி ஒருவர் மாறினாரா என்று பார்க்க, ஜேக்கப்சனும் ட்ரூவாக்ஸும் 1991-இல் தந்த நம்பகமான மாற்றக் குறியீடு இதற்கு உதவும். உங்கள் குழுவின் முதல் மதிப்பெண்களுக்குத் திட்ட விலக்கம் (சிதறலின் அளவு) 5, வினாத்தாளின் நம்பகத்தன்மை 0.84 என்று வைத்துக்கொள்வோம். 1-இலிருந்து 0.84-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.4. அதை 5-ஆல் பெருக்கினால் அளவீட்டுப் பிழை 2. இரண்டு முறை அளக்கிறோம் என்பதால் இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 2.83. அதை 1.96-ஆல் பெருக்கினால் சுமார் 5.5. ஆக, 6 புள்ளியாவது குறைந்தவர்தான் நிஜமாக மாறியிருக்கிறார் என்று தைரியமாகச் சொல்லலாம். இந்தக் கணக்கில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் அப்படியே இருக்கிறார்கள், எத்தனை பேர் 6 புள்ளியாவது கூடினார்கள் என்று ஒரு அட்டவணை போடுங்கள். கூடிய இருவரைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி, இரண்டு பக்கம் எழுதுங்கள். வேலை போனதா, எந்த அமர்வில் திரும்பினார்கள், உங்கள் குறிப்பில் என்ன இருக்கிறது? அந்த இரண்டு பக்கம் இருக்கிற ஆய்வேட்டை நான் தேர்வாளராக இருந்தால் மதிப்பேன். இருவரையும் இப்போது யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்பதையும் இந்த வாரமே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

கைடிடம், “நீக்காமல் ஒரு முறை, நீக்கி ஒரு முறை, இரண்டையும் எழுதிவிடலாமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்கு மறுப்பு வராது. வந்தால் துறைத் தலைவரிடம் போகலாம், அது தவறில்லை.

கேள்வி: சிகிச்சையைப் பாதியில் விட்ட எட்டு பேரைப் பேட்டி எடுக்க விரும்புகிறேன். எண்ணிக்கை இல்லாமல் வெறும் பேச்சு ஆய்வாகாது என்கிறார்கள்.
— ஒரு வாசகி

பதில்: ஆகும். என் ஒன்பது பேரைப் பற்றி மேலே எழுதினேன். அவர்கள் ஏன் வரவில்லை என்பதை எந்த அளவுகோலும் எனக்குச் சொல்லியிருக்காது, அவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். வர்ஜீனியா ப்ரானும் விக்டோரியா கிளார்க்கும் 2006-இல் விளக்கிய கருப்பொருள் பகுப்பாய்வில் ஆறு கட்டம் இருக்கிறது. ஆறில் முதலாவதான, திரும்பத் திரும்பப் படித்து ஊறுகிற கட்டத்துக்கே அதிக நேரம் கொடுங்கள். கருப்பொருள்கள் தானாக ‘வெளிப்பட்டன’ என்று எழுதாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள், ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். விட்டுப் போனவரிடம் பேட்டி கேட்கும்போது, ‘திரும்பி வாருங்கள்’ என்று அழைக்கவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் மாணவி இல்லை. பதற்றத்துக்குச் சிபிடி தருகிறோம் என்று ஒரு ஆய்வில் சேர்ந்தேன். குலுக்கலில் ‘காத்திருப்போர் பட்டியல்’ என்று வந்தது. மூன்று மாதம் வினாத்தாள் மட்டும் நிரப்பினேன். பிறகு யாரும் கூப்பிடவே இல்லை. என்னை எதற்குப் பயன்படுத்தினார்கள்?
— ஒரு வாசகி, 41 வயது

பதில்: உங்களுக்கு நடந்தது தவறு. ஒரு நெறியாளராக இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

காத்திருப்போர் குழு எதற்கு என்றால், சிகிச்சை பெறாமல் காலம் மட்டும் கடந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான். உங்கள் மூன்று மாதப் பதில்கள் இல்லாமல் மற்றவர்கள் தேறியது சிகிச்சையாலா, காலத்தாலா என்று அவர்களால் சொல்லவே முடியாது. அந்த அளவுக்கு நீங்கள் அந்த ஆய்வுக்கு முக்கியம். காத்திருப்பு முடிந்ததும் அதே சிகிச்சை உங்களுக்கும் கிடைக்கும் என்பதுதான் பெரும்பாலும் அந்த ஏற்பாட்டின் அடிப்படை. அப்படி எழுதியிருந்தால் அது வாக்குறுதி, சலுகை இல்லை.

நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தின் நகலை எடுங்கள். அதில் ஆய்வாளர், நெறியாளர், நெறிமுறைக் குழு என மூன்று தொடர்பு எண்கள் இருக்க வேண்டும். மாணவர் படிப்பு முடிந்து போயிருக்கலாம், அதனால் நேராக நெறியாளருக்கும் குழுவுக்கும் எழுதுங்கள். இந்தத் தேதியில் சேர்ந்தேன், காத்திருப்புக் குழுவில் இருந்தேன், சிகிச்சை எப்போது, முடிவு என்ன ஆனது என்று நாலு வரி போதும். உங்கள் தரவை நீக்கச் சொல்லவும் கேட்கலாம். எதிலிருந்தும் எப்போதும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதற்காக உங்களுக்குச் சேர வேண்டிய சிகிச்சை குறையக் கூடாது. 1964-இல் வந்த ஹெல்சிங்கி பிரகடனத்தின் வழியில் நெறிமுறைக் குழுக்கள் எல்லாம் கேட்கிற விஷயம் இது. பெயர்கள் நீக்கப்பட்டுக் கணக்கு முடிந்துவிட்டால் தரவைப் பிரிப்பது கடினம் என்று பதில் வரலாம், சிகிச்சையைப் பற்றிய கேள்விக்கு அந்தப் பதில் பொருந்தாது.

பதற்றம் இப்போதும் இருந்தால் அந்தக் கடிதத்துக்குப் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டாம். தனியாக ஒரு சிகிச்சையாளரைப் பாருங்கள். முதல் நாளே, “நான் மூன்று மாதம் வினாத்தாள் நிரப்பியிருக்கிறேன், எனக்கு இனி பேச வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள்.